பழியை மேஸ்திரி தலையில் கட்டாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கட்டுமானத் துறையில் புதுமைகள் ஏன் வேரூன்றவில்லை என்று சென்ற ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மேஸ்திரிகளும் கொத்தனார்களும் பழகிய முறையைக் கைவிட மறுப்பதே முதல் தடை என்று அதில் ஒரு வரி. தங்கள் இதழில் அந்த வரியைக் கண்டது வேதனையாக இருந்தது.

இத்தகைய முடிவுகள் எப்படிப் பிறக்கின்றன என்பது தாங்கள் அறியாததல்ல. தடைகளைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் கேட்டு, கூட்டி வரிசைப்படுத்துவார்கள். அந்தப் படிவம் பெரும்பாலும் திட்ட மேலாளர், ஆலோசகர், ஒப்பந்ததாரர் மேசைகளோடு நின்றுவிடும். சாரத்தில் நிற்பவரை யாரும் கேட்பதில்லை. கேட்காதவர் மேலேயே பழியும் விழுகிறது.

செங்கல்லுக்குப் பதிலாக வரும் ஏஏசி பிளாக்கை, அதாவது நுண்துளைகள் நிறைந்த, எடை குறைந்த கான்கிரீட் கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வரிசையைச் சிமென்ட் கலவையில் மட்டம் பார்த்து வைக்க வேண்டும். இரண்டாம் வரிசையிலிருந்து 3 மி.மீ. பசைக் கலவை போதும். அதை இழுக்கப் பல் வைத்த கரண்டி தேவை. செங்கல்லைப் போல் பிளாக்கை நீரில் ஊறவைக்கக் கூடாது; தூசியைத் துடைத்து லேசாக ஈரப்படுத்தினால் போதும். மேல் பீமுக்கு அடியில் இறுக்கி அடைக்காமல் சிறு இடைவெளி விட வேண்டும். தூணும் சுவரும் சேரும் இடத்தில் இருபுறமும் 150 மி.மீ. படர வலை ஒட்டாமல் பூசினால் விரிசல் நிச்சயம். ஒரு பங்கு சிமென்ட்டுக்கு மூன்று பங்கு மணல் (1:3) என்று சிமென்ட்டைக் கூட்டிப் பூசுவது இன்னும் மோசம். மென்மையான சுவர் மேல் கடினமான பூச்சு சுருங்கும்போது, வெடித்துப் பிரிந்து வந்துவிடும். ஐப்பசி மழையில் தார்ப்பாய் இல்லாமல் அடுக்கி, நனைந்த பிளாக்கையே கட்டினால், காய்ந்து சுருங்கும்போது சுவரே கீறும்.

இவற்றில் எதை மேஸ்திரியிடம் சொன்னார்கள்? பசை மூட்டையில் குறிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில். பல் கரண்டியும் ரம்பமும் அவர் கைக்காசில். கூலி சதுர அடிக்கு. பழகும் நாட்களின் நட்டம் அவருக்கு. ஆறு மாதம் கழித்து விரிசல் விட்டால் நிறுத்திவைத்த பாக்கியும் போய்விடும். இந்த நிலையில் செங்கல்லே போதும் என்று அவர் சொல்வது கணக்குப் பார்த்த பேச்சு. அதைப் பழைமைப் பிடிப்பு என்று எழுதுவது நியாயமா?

கல்லை நொறுக்கிச் செய்யும் எம்-சாண்ட் மணலிலும் இதே கதைதான். ஐஎஸ் 383 என்ற இந்தியத் தரநிர்ணயம் 75 மைக்ரானுக்குக் கீழான தூளை நொறுக்கு மணலில் 15 விழுக்காடு வரைதான் அனுமதிக்கிறது. எம்-சாண்ட் என்று சொல்லி குவாரித் தூசியை இறக்கினால் அது நீரை உறிஞ்சும், கலவை இளக இன்னும் நீர் ஊற்றுவார்கள், வலிமை குறையும். மணலை வாங்கியவர் ஒருவர், வசவு வாங்குபவர் வேறொருவர். சாம்பல் கலந்த பிபிசி வகை சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாள் நீராற்ற ஐஎஸ் 456 சொல்கிறது. தண்ணீர் லாரிக்குக் காசில்லை என்று ஐந்தாம் நாளே நிறுத்தச் சொல்பவர் கொத்தனாரா?

பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகளை முன்வார்ப்புக் கான்கிரீட்டில் எழுப்பி 2022-இல் திறந்தார்கள். சென்னை ஐஐடி வளாகத்தில் ஜிப்சம் பலகைகளையே சுவராக நிறுத்திய மாதிரிக் கட்டடம் 2013-லேயே எழுந்தது. இரண்டும் நல்ல முயற்சிகள். ஆனால் அந்தப் பலகை 12 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம் வரை வருவது. திருவல்லிக்கேணிச் சந்தில் அரை கிரவுண்டு மனைக்குள் கிரேன் எங்கே நிற்கும்? இந்தக் கேள்வி எந்தப் படிவத்திலும் இல்லை.

ஆய்வாளர்களிலும் சரியாகச் சொன்னவர்கள் உண்டு. ஸ்வீடனைச் சேர்ந்த டுபோயிஸ், காட்டே இருவரும் 2002-லேயே எழுதினார்கள்: ஒரு திட்டத்துக்குள் எல்லோரும் இறுக்கமாகப் பிணைந்திருக்கிறார்கள், திட்டம் முடிந்ததும் அந்தப் பிணைப்பு தளர்ந்துவிடுகிறது, அதனால் கற்றது அடுத்த வேலைக்குப் போவதில்லை என்று. நம் ஊரிலும் அதுதான் நடக்கிறது. வேளச்சேரியில் ஏஏசி கற்ற குழு அடுத்து ஆவடியில் செங்கல் வேலைக்குப் போய்விடும். இந்தக் குறை துறையின் அமைப்பில் இருக்கிறது.

தங்களிடம் கேட்பது இரண்டே. இத்தகைய கட்டுரைகளில் யாரிடம், எத்தனை பேரிடம் கேட்டார்கள் என்பதையும் அச்சிடுங்கள். ஞாயிறு வீட்டுப் பக்கத்தில் ஏஏசி சுவர் கட்டும் முறையைத் தமிழில், பெரிய எழுத்தில், வேலைத்தளத்தில் கிழித்து ஒட்டும்படி ஒருமுறை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கட்டடப் பொறியாளர் ஒருவர்,
மேற்கு மாம்பலம், சென்னை