நோட்டோடு வந்த சகோதரிக்கும் அவருடைய சுகாதாரத் துறையினருக்கும்

வணக்கம்.

மூன்றாவது முறையாக நீங்கள் வாசலுக்கு வந்தபோது, "அதான் அன்னைக்கே எல்லாம் சொல்லியாச்சே" என்று கதவைச் சாத்தியவன் நான்தான். முதலில் அதற்கு மன்னித்துவிடுங்கள். உள்ளே என் மகள் வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்தாள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களை முதல் நாளே கொடுத்துவிட்டீர்கள். அப்புறமும் என்ன கேள்வி என்று எரிச்சல்.

எந்தக் குழாய், எத்தனை மணிக்குப் பிடித்த தண்ணீர், காய்ச்சினீர்களா, வீட்டில் யாருக்கு முதலில் வந்தது. எதிர்வீட்டில் எல்லோரும் நன்றாகத்தான் இருந்தார்கள். அங்கேயும் போய்க் கேட்டீர்கள். அது எதற்கு என்றேன். "அவங்களுக்கு ஏன் வரலைன்னும் தெரியணும் சார்" என்றீர்கள். அவர்கள் சொந்த ஆழ்குழாய்த் தண்ணீர் குடிப்பவர்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

பிறகு ஆர்வத்தில் தேடிப் படித்தேன். 1854இல் லண்டன் பிராட் தெருவில் காலரா பரவியபோது மருத்துவர் ஜான் ஸ்னோவும் இப்படித்தான் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறார். பக்கத்துப் பீர் ஆலைத் தொழிலாளர்கள் ஏன் சாகவில்லை? அவர்கள் அந்தத் தெருவின் தண்ணீர்ப் பம்பைத் தொடுவதே இல்லை. தொலைவில் ஹாம்ப்ஸ்டெட்டில் இருந்த ஒரு மூதாட்டி ஏன் செத்தார்? அந்தப் பம்புத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய் தினமும் வரவழைத்துக் குடித்தவராம். கடைசியில் பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். காலரா எந்தக் கிருமியால் வருகிறது என்று உலகம் ஒப்புக்கொள்ளவே அதன்பின் சுமார் 30 ஆண்டுகள் ஆயின. கிருமி தெரியாமலே குழாயைக் கண்டுபிடிக்க முடியும் என்பதை நினைத்தால் இன்னும் வியப்பாக இருக்கிறது.

எங்கள் தெருவில் நீங்கள் மூடியது தண்ணீர்க் குழாயின் வால்வை. உங்களிடம் சண்டைக்கு வந்தவர்களில் நானும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அன்று உங்களோடு வந்த தம்பி, எங்கள் குழாய்த் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் பிடித்து மாத்திரை போட்டுக் காட்டினார். குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பாகும், கடைசி வீட்டிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்ச வேண்டும் என்றார். தெருமுனையில் சிவந்தது. எங்கள் வீட்டில் நிறமே மாறவில்லை. நடுவில் ஏதோ அழுக்கு குளோரினைத் தின்றிருக்கிறது என்று அங்கேதான் தோண்டினார்கள். சாக்கடையைத் தாண்டும் இடத்தில் குழாயில் விரிசல். தண்ணீர் விடும்போது வெளியே கசியும். நிறுத்தியதும் அழுத்தம் குறைந்து, சுற்றியுள்ள கழிவை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தப் பள்ளத்தில் இடுப்பளவு சேற்றில் நின்று இணைப்பை மாற்றிய மூவருக்கும் என் முதல் நன்றி.

அடுத்த நன்றி நான் பார்த்தே இராத ஒருவருக்கு. ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேட்டில் ஒரே தெருவிலிருந்து நான்கு பேர் வயிற்றுப்போக்கு என்று வந்திருப்பதைக் கவனித்து, அன்றே போனை எடுத்தவருக்கு. நாங்கள் தெருவாசிகள் பத்து நாளாகத் தண்ணீரில் வாடை வருகிறது என்று ஒருவருக்கொருவர் புலம்பிக்கொண்டிருந்தோம். யாரிடமும் சொல்லவில்லை. அவர் முகவரிக் கட்டத்தைப் படித்தார், அவ்வளவுதான்.

மாதிரிகளைச் சோதித்த ஆய்வகத்தாருக்கும் நன்றி. கொசுப்புழு பார்க்க வருபவரையும் இனி வாசலில் நிறுத்த மாட்டேன். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை காய்ந்த சுவரிலும் மாதக்கணக்கில் ஒட்டிக் கிடக்கும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது என்று அவர் சொன்னபடி தொட்டியின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவத் தொடங்கிவிட்டேன்.

மகள் இப்போது பள்ளிக்குப் போகிறாள்.

சகோதரி, உங்கள் நோட்டில் எங்கள் வீட்டு வரியில் ஒரு பதில் தப்பாக இருக்கிறது. முதல் இரண்டு முறையும் "காய்ச்சித்தான் குடிக்கிறோம்" என்றேன். நீங்கள் மூன்றாவது முறை வந்ததே அது பொருந்தாததால்தான் என்று நினைக்கிறேன். காய்ச்சவில்லை. அன்று நேரமாகிவிட்டதென்று மகளின் பாட்டிலில் குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்துக் கொடுத்தது நான். அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கடைசி வீட்டுக்காரன்