வடிகாலை ஆழப்படுத்துமுன் மண் கூண்டுகளைத் தேடுங்கள்

டாஸ்மேனியாவின் வடமத்தியப் பகுதி நகராட்சிச் சாலைப் பிரிவினருக்கும், வடிகால் வேலை எடுக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும்,

வணக்கம்.

ரெயில்டன், லாட்ரோப், போர்ட் சோரல் வட்டாரத்தில் சாலையோர வடிகாலைத் தூர்வாரும் பொக்லைன், எங்கேயஸ் கிரானுலேட்டஸ் என்ற கிரேஃபிஷின் (மண்ணில் வளை தோண்டி வாழும், இறால் போன்ற நன்னீர் உயிரியின்) வளைகளையும் சேர்த்தே அள்ளிவிடக்கூடும். 1990இல் அறிவியல் பெயர் பெற்ற இந்த இனம் உலகில் வேறெங்கும் இல்லை. அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்று மாநிலச் சட்டமும் ஆஸ்திரேலியக் கூட்டாட்சிச் சட்டமும் பட்டியலிட்டிருக்கின்றன.

மொத்த உடம்பும் 10 செ.மீ.க்குள்தான். பெரும்பாலான கிரேஃபிஷ்களின் கொடுக்கு பக்கவாட்டில் விரியும். இதன் கொடுக்கு மேலும் கீழுமாகத் திறக்கும். குறுகலான வளைக்குள் மண்ணைத் தோண்ட அதுதான் தோது. செவுள் காய்ந்தால் உயிர் போய்விடும் என்பதால் தண்ணீர் தட்டும்வரை வளையை இறக்குகிறது. தோண்டிய ஈரமண்ணை உருண்டை உருண்டையாக வாயிலைச் சுற்றி அடுக்கி, புகைபோக்கி போன்ற கூண்டாக எழுப்புகிறது. நீங்கள் தேட வேண்டியது அந்தக் கூண்டைத்தான்.

வேலைக்கு முன் வடிகாலின் இரு கரையையும் நடந்து பாருங்கள். மழை பெய்து ஓய்ந்த நாள் நல்லது. புது உருண்டைகள் ஈரம் மின்ன நிற்கும். கூண்டு கண்ணில் படவில்லை என்பதற்காக வளையே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். மழையிலும் மாட்டுக் குளம்பிலும் கூண்டு கரைந்துபோகும், வளை உள்ளே இருக்கும்.

எல்லாவற்றையும்விட ஆழம்தான் பெரிய கேடு. அடிமட்டத்தை ஒரு சாண் இறக்கினாலும் வடிகாலையொட்டிய ஈரநிலத்தின் நீர்மட்டம் கூடவே இறங்கும். கரையில் கைவைக்காமல் விட்டாலும் வளை வறண்டுவிடும். எனவே பழைய மட்டத்துக்குக் கீழே தோண்டாதீர்கள். குழாய்ப்பாலம் மாற்றும்போது புதுக் குழாயையும் அதே மட்டத்தில் பதியுங்கள். தண்ணீரைத் தடுப்பது புல்தான் என்றால் அதை வெட்டினாலே போதும், வேரோடு வாரவேண்டாம், களைக்கொல்லியும் வேண்டாம். இயந்திரம் கெட்டியான சாலையோரத்திலேயே நிற்கட்டும், ஈரக்கரையில் ஏறினால் மண் இறுகி வளை நசுங்கும். அள்ளிய சேற்றை எதிர்க்கரையில் கொட்டினால் வாயில்கள் அடைபடும்; லாரியில் ஏற்றிவிடுங்கள்.

பிடித்து வேறிடத்தில் விடலாமே என்பீர்கள். வளையை உடைக்காமல் பிடிக்க முடியாது. பெண் சுமப்பதோ கொஞ்சம் முட்டை. குஞ்சுகள் தாயின் வளையிலேயே வளரும். ஒரு வளை போனால் ஒரு குடும்பமே போகிறது. அதோடு, அனுமதியின்றித் தெரிந்தே பிடிப்பது 1995ஆம் ஆண்டு மாநிலச் சட்டப்படி குற்றம்.

அடுத்த ஒப்பந்தப் பத்திரத்தில் வடிகாலின் இப்போதைய அடிமட்டத்தை அளந்து எழுதி, அதற்குக் கீழே தோண்டிய வேலைக்குப் பணம் இல்லை என்று ஒரு வரி சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.