வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: பனிச்சறுக்குக்கு ஆகும் காசு

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஒக்டோபர் பிறந்துவிட்டால் எங்கள் கடைத் தொலைபேசிக்கு ஓய்வில்லை. இந்த வருடம் வாடகை எவ்வளவு, இணையத்தில் வாங்கின ஸ்கீயைச் சரிபார்த்துத் தருவீர்களா, பள்ளிக்கூடத்தில் லாகர் (பிள்ளைகள் மலையில் தங்கிச் சறுக்கும் முகாம்) என்கிறார்கள் அதற்கு என்ன செய்வது என்று ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கடையில் ஆள் நெருக்கம் என்றால் பாதிப் பதில்தான் சொல்ல முடிகிறது. அதனால்தான் முழுவதையும் எழுதி அனுப்புகிறோம்.

முதலில் விலை. பிள்ளைகளுக்கான பருவ வாடகை போன வருடம் போலவே 120 பிராங். ஸ்கீ, சப்பாத்து, தடி மூன்றும் சேர்த்து, நவம்பரிலிருந்து ஏப்ரல் முடியும்வரை. இடையில் கால் வளர்ந்துவிட்டால் சப்பாத்தை மாற்றித் தருவோம், அதற்குக் காசு இல்லை. பெரியவர்களுக்கு 230 ஆக இருந்தது 250 ஆகிறது. பட்டறைச் செலவும் புதுச் சப்பாத்துகளின் விலையும் ஏறிவிட்டன. பிள்ளைகளின் ஸ்கீ கைமாறிக் கைமாறி நாலைந்து வருடம் உழைக்கும். பெரியவர்களுடையது அந்த அளவு தாங்காது. இந்த இரண்டையும் கூட்டிப் பார்த்து, ஏற்றத்தைப் பெரியவர்கள் பக்கமே வைத்தோம். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

ஆனால் எல்லோரும் பருவ வாடகை எடுக்கத் தேவையில்லை. எங்களிடம் நாள் வாடகை பிள்ளைக்கு 30, பெரியவருக்கு 50. பிள்ளை நான்கு நாள், பெரியவர் ஐந்து நாள் போனால் இரண்டும் சரிக்குச் சரி. குளிர்காலம் முழுக்க ஒருதரமோ இரண்டுதரமோ மட்டும் மலைக்குப் போகிற குடும்பம் நாள் வாடகையே எடுக்கட்டும். "பருவத்துக்கு எடுத்தால் மலிவாமே" என்று யாரோ சொன்னதைக் கேட்டு நான்கு பேருக்கும் எடுத்துவிட்டு, ஒரே ஒரு ஞாயிறு போய்வந்தவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம். கடைக்கு லாபம்தான், ஆனால் அவர்கள் அடுத்த வருடம் இந்தப் பக்கமே வருவதில்லை.

பெரிய காசு போவது எங்கள் கடையில் இல்லை, மலையில். பெயர் பெற்ற மலைகளில் உச்சக் காலத்தில் பெரியவருக்கு ஒரு நாள் லிஃப்ட் ரிக்கெற் 80 பிராங்கைத் தாண்டுகிறது. செர்மாற்றில் 100 வரைக்கும் போகும். இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகள், ரெயில், மதியச் சாப்பாடு என்று கூட்டினால் ஒரு நாளில் 300 பிராங் காணாமல் போய்விடும். ஏன் இவ்வளவு என்று கேட்டால், பனி இப்போது தானாக வந்து விழுகிற பொருளாக மட்டும் இல்லை. இந்த நாட்டுச் சறுக்குப் பாதைகளில் ஏறக்குறையப் பாதியில் இயந்திரத்தால் பனி செய்கிறார்கள். அதற்குத் தண்ணீர் தேக்கவேண்டும், மேலே ஏற்றவேண்டும், மின்சாரம் வேண்டும். இரவிரவாகப் பாதையைச் சமன்செய்யும் வண்டிகளுக்கு ஆளும் எண்ணெயும் வேண்டும். லிஃப்ட் பராமரிப்பு தனி. பனி விழாத வருடத்திலும் இந்தச் செலவெல்லாம் நிற்காது. தாழ்வான இடங்களில் இருந்த சின்ன லிஃப்டுகள் பல மூடிப்போனதற்கு இதுதான் காரணம்.

அப்புறம் விலை வைக்கிற முறையும் மாறிவிட்டது. விமான ரிக்கெற் மாதிரி, நாளைப் பொறுத்தும் எவ்வளவு முந்தி வாங்குகிறோம் என்பதைப் பொறுத்தும் பல மலைகளில் விலை ஏறி இறங்குகிறது. பெப்ரவரி விடுமுறைச் சனிக்கிழமை காலையில் ஜன்னலில் போய் நின்று வாங்குவதுதான் இருப்பதிலேயே விலை கூடிய வழி. ஜனவரி நடுவில் ஒரு வாரநாளுக்கு இரண்டு வாரம் முந்தி இணையத்தில் வாங்கிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். உணவகங்களில் வேலை செய்து திங்கள், செவ்வாயில் ஓய்வெடுக்கும் எங்கள் வாடிக்கையாளர்கள் பலருக்கு இது பெரிய வசதி. பிள்ளைகளுக்குத்தான் அன்றைக்குப் பள்ளிக்கூடம்.

குளிர்காலம் முழுக்க லிஃப்டில் ஏறவிடும் பருவ அட்டைகளைப் பற்றியும் கேட்கிறீர்கள். 2016 இல் சாஸ்-ஃபே மலை 222 பிராங்குக்கு ஒரு குளிர்கால அட்டையை விற்க முன்வந்தது நினைவிருக்கலாம். 99,999 பேர் சேர்ந்தால்தான் தருவோம் என்று நிபந்தனை போட்டார்கள். அவ்வளவு பேர் சேரவில்லை, ஆனாலும் கொடுத்தார்கள். அடுத்த வருடம் மேற்குச் சுவிஸின் 25 மலைகள் ஒன்றுசேர்ந்து மஜிக் பாஸ் என்ற பொது அட்டையைக் கொண்டுவந்தன. முன்விற்பனையில் 359 பிராங். இன்று விலையும் கூடிவிட்டது, மலைகளின் எண்ணிக்கையும் பல மடங்காகிவிட்டது. மொலெசோன், லா பெரா மாதிரியான ஃபிரிபூர்க் பக்கத்து மலைகள் அதில் இருப்பதால் பேர்ணில் இருக்கிற எங்களுக்குத் தோதான அட்டை. ஆனால் அது மலிவாகக் கிடைப்பது வசந்த காலத்தில். நவம்பரில் நினைவு வந்து வாங்கினால் அந்த விலை இராது. ஆறேழு நாளாவது போகிறவர்களுக்கே அது பொருந்தும். இந்த அட்டைகளின் மூலயோசனை அமெரிக்காவில் பழையது: ஸ்கீ மலைகளை நடத்தும் வேல் என்ற கம்பனி 2008 இல் 579 டொலருக்கு எபிக் பாஸ் என்ற அட்டையை விட்டது. ஒரு பக்கம் அட்டையை மலிவாக்கினார்கள், மறுபக்கம் நாள் ரிக்கெற் ஏறி ஏறி அங்கே இப்போது 300 டொலருக்கு மேல் நிற்கிறது. அடிக்கடி போகிறவருக்கு மலிவு, முதல்முறை போகிறவருக்குக் கொள்ளை. சுவிஸ் மலைகளான அண்டர்மாற்றும் கிரான்-மொன்டானாவும் அதே கம்பனியின் கைக்கு வந்துவிட்டதால், இங்கேயும் அப்படி ஆகுமோ என்று எங்களுக்குக் கொஞ்சம் யோசனைதான்.

முதல்முறை போகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது ஒன்றுதான்: பெரிய மலைக்குப் போகாதீர்கள். நிற்கவும் நிறுத்தவும் பழகும்வரை உங்களுக்குத் தேவை ஐம்பது மீற்றர் சரிவும் நல்ல பனியும் மட்டுமே. பனி விழுந்தால் கூர்ட்டன் குன்றிலேயே பிள்ளைகள் பழகலாம். எரிஸ் மாதிரிச் சின்ன இடங்களில் நாள் ரிக்கெற் பெரிய மலையின் பாதிக்கும் குறைவு. பெரிய மலைகளிலும் அடிவாரத்துப் பழகுமிடத்துக்கு மட்டும் தனி ரிக்கெற் தருவதுண்டு, கேட்டு வாங்குங்கள். இன்னும் திரும்பவே தெரியாத பிள்ளைக்கு முழு மலைக்கும் ரிக்கெற் வாங்கிக் கொடுத்துவிட்டு, அது நாள் முழுக்க ஆளை மேலே கொண்டுபோகும் அடிவாரக் கம்பளப் பட்டியிலேயே ஏறி இறங்குவதைப் பார்ப்பது வீண் செலவு.

பள்ளிக்கூட லாகர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். இங்கே பலர் தெரியாமல் காசு கட்டுகிறார்கள், அல்லது காசில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு "பிள்ளைக்குச் சுகமில்லை" என்று வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள். இரண்டும் தேவையில்லை.

2017 டிசம்பரில் லவுசானில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம், துர்காவ் கன்ரோனின் (மாநிலத்தின்) சட்டம் ஒன்றைப் பற்றித் தீர்ப்புக் கூறியது. கட்டாயப் பள்ளிக் கல்வி இலவசம் என்பதால், பிள்ளை கட்டாயம் போகவேண்டிய லாகருக்குப் பெற்றோரிடம் சாப்பாட்டுச் செலவை மட்டுமே கேட்கலாம். வயதைப் பொறுத்து நாளுக்கு 10 முதல் 16 பிராங் வரைதான் என்பது அதன் சாரம். பிள்ளை லாகரில் சாப்பிடுவதால் வீட்டில் மிச்சமாகிற தொகை எவ்வளவோ அவ்வளவுதான். விரும்பினால் வரலாம் என்று விடுமுறையில் நடத்தும் லாகருக்கு இது பொருந்தாது, அங்கே கூடுதலாகக் கேட்கலாம். அதனால் கடிதம் வந்ததும் இது கட்டாயமா, விருப்பமா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். விருப்ப லாகராக இருந்தாலும் காசு பிரச்சினை என்றால் சொல்லுங்கள். பல பள்ளிகளிலும் நகரசபைகளிலும் அதற்கென்று உதவி உண்டு. சமூக உதவி பெறுகிறவர்கள் தங்கள் பொறுப்பாளரிடம் கேட்கலாம். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் காரிற்றாஸ் தொண்டு நிறுவனம் தருகிற குல்தூர்லெகி என்ற கழிவு அட்டையையும் எடுத்து வைத்திருங்கள், விளையாட்டுச் செலவுகள் பலவற்றில் கழிவு கிடைக்கும்.

எல்லோரும் மலைக்குப் போகவேண்டும் என்று இந்த நாடு நினைக்கத் தொடங்கியதே ஒரு போர்க்காலத்தில்தான். வெளிநாட்டவர் வராமல் விடுதிகள் காலியாகக் கிடந்த 1941 இல், பொன்ரெசினாவில் 500 பையன்களை இலவசமாக ஸ்கீ லாகருக்குக் கூட்டிப் போனார்கள். ஜுஸ்கிலா என்ற அந்த லாகர் இன்றும் லெங்க் என்ற மலையூரில் நடக்கிறது. 13, 14 வயதுப் பிள்ளைகளைச் சீட்டிழுத்துத் தெரிவுசெய்கிறார்கள். பெப்ரவரியில் வருகிற விளையாட்டு விடுமுறையும் பள்ளிகளைச் சூடாக்கும் நிலக்கரியை மிச்சம்பிடிக்க வந்ததுதான். பள்ளிகள் லாகர் நடத்துவதை விட்டுவிடாமல் இருக்க, 2014 இல் தொடங்கிய சுவிஸ் பனிவிளையாட்டு முன்முயற்சி தங்குமிடம், லிஃப்ட், வாடகைப் பொருள் எல்லாம் சேர்த்து மலிவான லாகர்களை ஆசிரியர்களுக்கு ஒழுங்குசெய்து கொடுக்கிறது. உங்கள் பிள்ளையின் ஆசிரியர் லாகர் நடத்தத் தயங்கினால் அந்த முன்முயற்சியின் இணையத்தளமான கோஸ்னோவின் பெயரை அவர் காதில் போட்டுவையுங்கள்.

லாகருக்குப் போகிற பிள்ளைக்கு ஒரு வார வாடகை எங்களிடம் 60 பிராங், தலைக்கவசமும் அதற்குள் அடக்கம். பள்ளிக் கடிதத்தைக் காட்டினால் போதும்.

இனி மனத்தாங்கல் வருகிற இடம். இணையத்தில் 40 பிராங்குக்கு ஸ்கீ வாங்கிக்கொண்டு வருகிறீர்கள், நாங்கள் பார்த்துவிட்டு முடியாது என்கிறோம். "உங்களிடம் வாடகைக்கு எடுக்கவில்லை என்ற கோபமா?" என்று ஒரு அக்கா நேரேயே கேட்டார். இல்லை அக்கா. ஸ்கீ பழையது என்றால் பரவாயில்லை, விளிம்பைத் தீட்டி மெழுகு பூசினால் ஓடும். பிரச்சினை பைண்டிங்கில், அதாவது சப்பாத்தை ஸ்கீயோடு பூட்டி வைக்கிற பகுதியில். விழும்போது சப்பாத்தைக் கழற்றிவிட்டு முழங்காலையும் காலெலும்பையும் காப்பாற்றுவது அதுதான். உடல் எடை, உயரம், வயது, எவ்வளவு பழக்கம், சப்பாத்தின் அடி நீளம் எல்லாம் பார்த்து அதன் இறுக்கத்தை வைக்கவேண்டும்; சின்னப் பிள்ளைகளுக்கும் ஐம்பது வயதுக்காரருக்கும் ஒரு படி குறைத்து வைப்போம். பைண்டிங் ஓரளவு பழையதானதும் தயாரிப்பாளர் அதற்குப் பொறுப்பேற்பதை நிறுத்திவிடுவார். தயாரிப்பாளர்கள் இன்னும் பொறுப்பேற்கிற பைண்டிங்குகளின் பட்டியலில் இல்லாததை நாங்கள் தொடமாட்டோம். பட்டியலில் இருந்தால், எங்களிடம் வாங்காததாக இருந்தாலும் 30 பிராங்குக்கு இயந்திரத்தில் சோதித்து, சோதித்ததைக் காட்டும் விபத்துத் தடுப்பு நிலையத்தின் ஒட்டியையும் ஒட்டித் தருவோம்.

பழைய சப்பாத்தும் அப்படித்தான். நிலவறையில் பல வருடம் கிடந்த பிளாஸ்டிக் வெளியே பளபளவென்று இருக்கும், மலையில் ஒரு அடி வைத்ததும் பிளந்துவிடும். தலைக்கவசம் ஒருமுறை பலமாக அடிபட்டிருந்தால் எறிந்துவிடுங்கள். யார் போட்டது என்று தெரியாததை வாங்கவே வேண்டாம்.

மற்றதிலெல்லாம் தாராளமாக மிச்சம்பிடிக்கலாம். ஸ்கீ உடை என்று தனியாக வேண்டியதில்லை. தண்ணீர் புகாத மேற்சட்டையும் அதற்குள் கம்பளியும் போதும், பருத்தி மட்டும் வேண்டாம், நனைந்தால் காயாது. கையுறை நல்லதாக இருக்கட்டும். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். மலை உணவகத்தில் உருளைக்கிழங்குப் பொரியலும் ஒரு கோலாவும் 20 பிராங்கை நெருங்கும், வீட்டு ரோல்ஸ் அதைவிட ருசி. பல மலைகளில் கட்டுச்சாப்பாடு சாப்பிட அறை வைத்திருக்கிறார்கள். 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு ரெயிலில் ஜூனியர் அட்டை எடுத்தால், பெற்றோரோடு வரும்போது வேறு ரிக்கெற் தேவையில்லை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகள் சறுக்க, அம்மாவும் அப்பாவும் அடிவாரத்தில் குளிரில் கோப்பியோடு நிற்பது எங்கள் ஆட்களிடம் வழக்கமாகிவிட்டது. நாற்பத்தைந்து வயதில் பழகலாம். அதனால் இந்த வருடம் பிள்ளைக்குப் பருவ வாடகை எடுக்கும் பெற்றோரில் ஒருவருக்கு, முதல் ஒரு நாள் வாடகை இலவசம். டிசம்பர் 20க்கு முன்னும் ஜனவரி நடுவிலும் மட்டும். விடுமுறைக் கிழமைகளில் கையிருப்புப் போதாது.

பிள்ளைகளின் சின்ன அளவுகள் நவம்பர் நடுவுக்குள் முடிந்துவிடும், முந்தி வாருங்கள். வரும்போது பிள்ளையைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள். அளவைத் துண்டில் எழுதிக்கொண்டு வந்து, அடுத்த வருடமும் போடட்டும் என்று இரண்டு அளவு பெரிதாகக் கேட்டால் தரமாட்டோம். கால் உள்ளே ஆடினால் ஸ்கீ சொல் கேட்காது. முழங்கால்வரை வரும் மெல்லிய காலுறை ஒரு சோடி போட்டுவரட்டும். இரண்டு சோடி போட்டால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு இன்னும் குளிரும். பிள்ளையின் எடையைச் சரியாகச் சொல்லுங்கள், உடன்பிறந்தவர்கள் முன்னால் சொல்லக் கூச்சமென்றால் எழுதித் தரலாம்.

அன்புடன்,
உங்கள் ஸ்கீ வாடகைக் கடை, பேர்ண்