படம் மே மாதம் வருகிறது, விவரம் செப்டம்பரில் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வெளிநாட்டுத் தமிழர் பக்கத்தில் ஒவ்வொரு மே மாதமும், அமெரிக்கக் கல்லூரிகளில் முழு உதவித்தொகை வாங்கிய நம் பிள்ளைகளின் படங்கள் வருகின்றன. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைப் பார்த்துவிட்டு இன்னொரு பெற்றோர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. பணம் கிடைப்பதற்கான வேலையில் பெரும்பகுதி பதினொன்றாம் வகுப்பிலேயே, இங்கே ஜூனியர் வருடம் என்பார்கள், முடிந்துபோயிருக்கும். அந்த வேலை என்னவென்று, இங்கே பள்ளி ஆண்டு தொடங்கும் செப்டம்பரில் எழுதுங்கள் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

அமெரிக்கத் தமிழர் என்றாலே ஐடி என்று ஊரில் நினைக்கிறார்கள். நான் நியூ ஜெர்சியில் ஒரு சரக்குக் கிடங்கில் கணக்கு எழுதுகிறேன். மைத்துனர் மனுப் போட்டுப் பல வருடம் காத்திருந்து கிரீன் கார்டில் வந்த குடும்பம் நாங்கள். மனைவி வீட்டிலேயே நான்கு குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிறாள். இருவர் வருமானமும் சேர்ந்து 2022-ல் 58,000 டாலர். இந்த வருமானத்துக்கு மகளின் படிப்புச் செலவில் பெரிய பங்கு உதவியாகவே வந்திருக்க வேண்டும். முதல் வருடம் வரவில்லை. காரணம் கல்லூரியும் இல்லை, அரசும் இல்லை, மணப்பாறைப் பக்கம் இருந்த ஒரு மனை.

அப்பா உயிரோடு இருந்தபோதே எனக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்த இடம் அது. 2021 ஆடியில் ஒரு பார்ட்டி வந்து 35 லட்சம் தருவதாகச் சொன்னார். ஆடியில் எதற்கு, ஆவணி வரட்டும் என்றார் அண்ணன். ஆவணி வந்ததும் விலை இன்னும் ஏறும், பொறு என்றார். கடைசியில் 2022 நவம்பரில் 38 லட்சத்துக்குக் கிரயம் ஆனது. மூன்று லட்சம் கூடுதல் என்று எல்லோருக்கும் திருப்தி. மகளின் படிப்புக்கான பணம்தானே என்று அதை அப்படியே அவள் பெயரில் வங்கியில் போட்டேன். அப்போது அவள் பதினொன்றாம் வகுப்பு.

இங்கே அரசின் கல்வி உதவிக்கு ஃபாஃப்ஸா என்று ஒரு விண்ணப்பம் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் நிரப்புவது. ஆனால் அதில் பார்ப்பது அந்த வருட வருமானத்தை அல்ல. 2024-ல் கல்லூரியில் சேர்கிற பிள்ளைக்கு 2022-ம் வருட வருமானம். அதாவது பத்தாம் வகுப்பின் நடுவில் வரும் ஜனவரி முதல் பதினொன்றாம் வகுப்பின் நடுவில் வரும் டிசம்பர் வரை. எங்கள் கிரயம் அதற்குள் கச்சிதமாக விழுந்தது. அப்பா சில ஆயிரத்துக்கு வாங்கிய இடம் என்பதால் வந்த பணம் ஏறக்குறைய முழுவதும் லாபம். இந்தியாவில் விற்றதானாலும் இங்கே வரிப் படிவத்தில் காட்டியாக வேண்டும். காகிதத்தில் அந்த வருடம் என் வருமானம் ஒரு லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. இந்த மாநிலத்தில் 65,000 டாலர் என்பது ஒரு கோடு. உதாரணமாக ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் நியூ பிரன்ஸ்விக் வளாகத்தில், அதற்குள் வருமானம் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு மற்ற உதவிகள் போக மிஞ்சும் டியூஷனை, அதாவது கல்விக் கட்டணத்தை, அவர்களே ஏற்றுக்கொள்கிற திட்டம் 2022-ல் வந்தது. நாங்கள் கோட்டுக்கு வெகு தூரத்தில் நின்றோம்.

போதாக்குறைக்கு அந்த வங்கிக் கணக்கு. பெற்றோர் பெயரில் இருக்கும் சேமிப்பில் அதிகபட்சம் 5.64 சதவீதத்தைத்தான் படிப்புக்குத் தர முடியும் என்று கணக்கிடுகிறார்கள். பிள்ளையின் பெயரில் இருந்தால் 20 சதவீதம். ஒரே பணம், பெயர்தான் வேறு. மகள் மேல் இருந்த பாசத்தில் செய்தது.

முதல் வருடம் மட்டும் எங்கள் கைவிட்டுப் போனது 11,000 டாலருக்கு மேல். மூன்று லட்சம் கூடுதலுக்காகக் காத்திருந்தோமே, அது 3,700 டாலர்கூட வராது. இதெல்லாம் எனக்கு எப்போது தெரிந்தது தெரியுமா? சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் தாழ்வாரத்தில், மடக்கு நாற்காலியில் மகனுக்காகக் காத்திருந்தபோது, பக்கத்தில் இருந்த ஒரு அம்மா சொல்லி. "அண்ணா, ஒரு தடவை மட்டும் வந்த வருமானம்னு கிரயப் பத்திரத்தோட காலேஜ்ல எழுதிக் கேட்டிருக்கலாமே, அவங்க பரிசீலிப்பாங்களே" என்றார். உண்மைதான். கேட்டால் கல்லூரியின் நிதியுதவி அலுவலகம் அப்படிப்பட்ட வருமானத்தைக் கழித்துப் பார்க்கலாம், அதற்கு விதியில் இடம் இருக்கிறது. அப்போது மகள் முதல் வருடத்தையே முடித்திருந்தாள்.

இன்னொரு தவறும் செய்தோம். கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. தேர்வுக்கு முன்னோட்டமாகப் பள்ளியில் எழுதும் பி.எஸ்.ஏ.டி. தேர்வை மகள் பத்தாம் வகுப்பில் எழுதி 1520-க்கு 1390 வாங்கினாள். நல்ல மார்க்தானே, பதினொன்றில் எதற்கு மறுபடியும் என்று விட்டுவிட்டோம். நேஷனல் மெரிட் என்று அந்தத் தேர்வை வைத்து நாடு முழுவதற்கும் நடக்கும் உதவித்தொகைப் போட்டிக்குப் பதினொன்றாம் வகுப்பு அக்டோபரில் எழுதுவதுதான் கணக்கு. அந்தப் பரிசு 2,500 டாலர்தான், நியூ ஜெர்சியின் கட்-ஆஃப் நாட்டிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று, கிடைத்திருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் அலபாமா பல்கலைக்கழகம், டாலஸில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் போன்றவை அதில் இறுதிச் சுற்றுக்கு வந்த பிள்ளைகளுக்கு முழு டியூஷனே தருகின்றன. எழுதாதவருக்கு அந்தக் கதவு கிடையாது.

இப்போது மகன் பதினொன்றாம் வகுப்பு. இந்த முறை அவன் அக்டோபர் தேர்வுக்குப் பள்ளியில் பெயர் கொடுத்தாயிற்று. கல்லூரிகளின் இணையதளத்தில், நம் வருமானத்தைப் போட்டால் உண்மையில் எவ்வளவு கட்ட வேண்டிவரும் என்று காட்டும் ஒரு கணிப்பான் உண்டு. 2011 முதல் சட்டப்படி ஏறக்குறைய எல்லாக் கல்லூரிகளும் வைத்திருக்க வேண்டியது. போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எட்டுக் கல்லூரிகளுக்குப் போட்டுப் பார்த்தோம். அறிவிப்புப் பலகையில் 90,000 டாலர் என்று பயமுறுத்தும் ஒரு தனியார் கல்லூரி, எங்கள் வீட்டுக்கு மாநிலக் கல்லூரியைவிட மலிவாக வந்தது. ஐவி லீக் எனப்படும் ஹார்வர்ட், யேல் போன்ற எட்டுப் பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்கள் மார்க்குக்கு உதவித்தொகை தருவதே இல்லை, தேவைக்கு மட்டும்தான் என்பதும் அன்றைக்குத்தான் மகனுக்குத் தெரிந்தது. ஒன்றுமே அமையாவிட்டாலும் ஜூனியர் வருட முடிவில் வகுப்பில் முதல் 15 சதவீதத்துக்குள் வந்தால், எங்கள் மாவட்டத்தின் இரண்டு வருடச் சமூகக் கல்லூரியில் டியூஷன் இல்லாமல் படிக்க மாநிலத் திட்டம் இருக்கிறது. அதைச் சொல்ல நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். எனக்குக் கூச்சமில்லை. தமிழ்ப் பள்ளிக்குப் போனதற்கும் பலன் உண்டு. இருமொழித் திறனுக்குப் பள்ளி இறுதிச் சான்றிதழில் முத்திரை தருகிறார்கள், அதற்கான தேர்வு தமிழிலும் இருக்கிறது.

பெற்றோர் எச்-1பி வேலை விசாவில் வந்ததால் எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றித் தனியாகவே எழுதுங்கள். ஃபாஃப்ஸா உதவி அவர்களுக்கு இல்லை. பள்ளி ஆலோசகர்கள் பலருக்கே இது தெரிவதில்லை. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத் போன்ற வெகு சில இடங்கள்தான் விசாவைப் பார்க்காமல் தேவைக்கேற்ப முழு உதவி தருகின்றன. அங்கே இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு என்பது வேறு விஷயம்.

அப்புறம், ஹோட்டல் ஹாலில் இலவசக் கூட்டம் போட்டு, 3,900 டாலர் கட்டினால் உதவித்தொகை வாங்கித் தருகிறோம் என்பவர்களைப் பற்றியும் நாலு வரி போடுங்கள். நானே ஒன்றுக்குப் போய் பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு வந்தேன். ஃபாஃப்ஸாவுக்குக் கட்டணமே கிடையாது.

இதைத் தமிழ்நாட்டுப் பத்திரிகையில் எதற்குப் போட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்த மனைக்குப் பக்கத்திலேயே இன்னும் நான்கு சென்ட் என் பெயரில் இருக்கிறது. போன வாரம் அண்ணன் போன் செய்தார், பார்ட்டி ரெடியாம். மகனின் படிப்புக்கு 2025 முதல் 2028 வரைக்குமான வருமானத்தைப் பார்ப்பார்கள், அதனால் 2029 ஜனவரிக்கு அப்புறம்தான் கிரயம் என்றேன். "ஏம்ப்பா, அவன் காலேஜுக்கும் நம்ம கிரயத்துக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்றார். அரை மணி நேரம் விளக்கினேன், நம்பவில்லை. அவர் தினமும் காலையில் படிப்பது உங்கள் பத்திரிகையைத்தான். அச்சில் வந்தால் நம்புவார்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்,
எடிசன், நியூ ஜெர்சி