துறைமுகங்களில் என்ன செய்யலாம்?

எல்லோருக்கும் வணக்கம். கரீபியன் கப்பல் பயணத்தில் எங்கே இறங்கிப் பார்க்கலாம் என்று பலரும் தனித்தனியாகக் கேட்டதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஜமைக்காவின் ஓச்சோ ரியோஸில் இறங்கினால் டன்ஸ் ரிவர் அருவிதான். கடற்கரையில் தொடங்கி, வரிசையாகக் கைகோத்துக்கொண்டு, பாயும் தண்ணீருக்கு எதிரே பாறை பாறையாக மேலே ஏறவேண்டும். பாறை வழுக்கும், ரப்பர் அடிப்பாகம் உள்ள காலணி கட்டாயம், செருப்பு வேண்டாம். முழங்கால் வலி இருப்பவர்கள் பக்கத்துப் படிக்கட்டில் ஏறி வேடிக்கை பார்க்கலாம். இன்னொன்று, ராணுவ உடை போன்ற டிசைன் துணி ஜமைக்காவில் சட்டப்படி தடை. பெட்டியில் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

கேமன் தீவுகளில் ஒன்றான கிராண்ட் கேமனில் கப்பல் சற்றுத் தள்ளி நங்கூரமிடும். சிறு படகில்தான் கரைக்குப் போகவேண்டும். அங்கே இடுப்பளவு தண்ணீரில் திருக்கை மீன்கள் காலை உரசிக்கொண்டு போகும். அடி தூக்கி வைக்காமல் மணலில் காலைத் தேய்த்தே நடங்கள், மீனை மிதித்துவிடாமல் இருக்கும்.

மெக்சிகோவின் கோசுமெல் தீவில் ஸ்நார்க்கலிங், அதாவது முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு நீர்மட்டத்தில் நீந்திக் கடலடியைப் பார்ப்பது. சன்ஸ்கிரீன் பவளப்பாறைகளுக்குக் கெடுதல். அதைவிட முழுக்கை நீச்சல் சட்டை மேல். கடைவீதியை நான் பெரிதாகச் சொல்லமாட்டேன்.

முக்கியமாக நேரம். அமெரிக்காவில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துவதுபோல், இந்த மூன்று இடங்களிலும் மாற்றுவதில்லை. அமெரிக்காவின் மயாமி நேரத்திலேயே ஓடும் கப்பல் அப்போது உள்ளூர் நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும். போன் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். கைக்கடிகாரத்தில் கப்பல் நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். சொந்தமாக டாக்ஸி பிடித்துப் போகிறவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது.