பயணிகள் காணும்படி எரியட்டும் செட்டிநாட்டு அடுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டுக்கு வரும் பயணிகளுக்கு நாம் வீட்டைக் காட்டுகிறோம். நிலைக்கதவையும் தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையையும் காட்டுகிறோம். அவர்கள் உண்ணும் சோறும் கறியும் எந்த அடுப்பில், யார் கையால் ஆகின்றன என்பதை மட்டும் காட்டுவதில்லை. இதைப் பற்றி நெடுநாளாக இருந்த என் எண்ணம், அண்மையில் குடும்பத்துடன் புதுச்சேரிக்குப் போயிருந்தபோது, ஆரோவிலை ஒட்டிய சாலையில் உள்ள எளிய பீட்சா உணவகம் ஒன்றில் உண்ட பிறகு உறுதிப்பட்டது.

அது ஆடம்பரமான இடமன்று. மேலே கீற்றுக் கொட்டகை, கீழே சிமெண்டுத் தரை, உட்கார மரப்பலகைகள், அவ்வளவுதான். உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது செங்கல்லால் கட்டிச் சுண்ணாம்பு பூசிய குவிமாட அடுப்பு. அதன் ஓர் ஓரத்தில் விறகு எரிந்துகொண்டிருக்க, அருகிலுள்ள கிராமத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் புளித்த மாவைக் கையாலேயே விரித்து, தக்காளிக் கூழும் பாலாடைக்கட்டியும் இட்டு, நீண்ட கைப்பிடி கொண்ட பலகையால் உள்ளே தள்ளி, தீயின் பக்கமாகத் திருப்பித் திருப்பி இரண்டு மூன்று நிமிடங்களில் வெளியே எடுத்தார். விளிம்பு உப்பி, ஆங்காங்கே கருகிய புள்ளிகளோடு வந்த அந்தப் பீட்சாவின் சுவையைக் குறைவாகச் சொல்ல எனக்கு மனமில்லை. மிக நன்றாக இருந்தது. என் பேரப்பிள்ளைகள் கைப்பேசியை மறந்து அந்த அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாழ்நாளில் பெரும்பகுதியை விறகடுப்பின் முன் கழித்த என் தாயார் எழுந்து சென்று, "என்ன விறகு தம்பி போடுறீங்க?" என்று கேட்டார். "சவுக்குதாம்மா. நல்லாக் காஞ்சிருக்கணும், இல்லைன்னா கல்லு சூடேறாது" என்று அவர் பொறுமையாக விளக்கினார். உண்பவரும் சமைப்பவரும் இப்படி நேருக்கு நேர் பேசிக்கொள்வதைக் காரைக்குடி உணவகங்களில் நான் கண்டதே இல்லை.

பீட்சாவின் தாயகமான இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தில் இந்த அடுப்பு வேலையை ஒரு கலையாகவே போற்றுகிறார்கள். மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் இவை நான்கு மட்டுமே சேர்ந்த மாவை மணிக்கணக்கில் புளிக்கவிட்டு, 400 டிகிரி செல்சியஸையும் தாண்டிய வெப்பத்தில் 60 முதல் 90 விநாடிகளுக்குள் சுட்டெடுப்பது அவர்களின் முறை. சூடேறிய தளம் அடிப்பாகத்தை வேகவைக்கிறது, குவிமாடத்திலிருந்து இறங்கும் வெப்பம் மேற்பாகத்தைச் சுடுகிறது, உள்ளே சுழலும் அனற்காற்று விளிம்பை உப்பவைக்கிறது. சில விநாடிகள் தவறினாலும் கருகிவிடும் என்பதால் எல்லாம் சமைப்பவரின் கண்ணையும் கையையும் பொறுத்தே இருக்கிறது. 2017-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது பீட்சா என்ற பண்டத்தை அன்று. அதைச் செய்யும் நேப்பிள்ஸ் கைவினைஞர்களின் கலையைத்தான். அதற்கு ஆதரவாக ஏறத்தாழ 20 லட்சம் பேர் கையொப்பமிட்டிருந்தார்கள்.

அந்தக் கண்ணும் கையும் நம் ஊரிலும் இருக்கின்றன. வெள்ளைப் பணியாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சரிசியும் உளுந்தும் அரைத்த மாவை எண்ணெயில் ஒரு கரண்டி ஊற்றி, அது எழும்பி வரும்போது மேலே எண்ணெயை வாரி விட்டு, ஓரம் மட்டும் லேசாக முறுகி நடுவில் நிறம் மாறாமல் எடுக்க வேண்டும். ஒன்று வெந்த பிறகே அடுத்ததை ஊற்ற முடியும். எண்ணெய் சற்று அதிகமாகக் காய்ந்தால் பணியாரம் சிவந்துவிடும், குறைந்தால் எழும்பாது. உப்புக்கறிக்கும் அப்படித்தான், சின்ன வெங்காயமும் பூண்டும் காய்ந்த மிளகாயும் ஆட்டுக்கறியோடு சுண்டி வரும்வரை தீ ஒரே அளவில் நிற்க வேண்டும். கலியாண வீடுகளின் பின்கட்டில் கோட்டை அடுப்பு மூட்டி, விறகை உள்ளே தள்ளியும் வெளியே இழுத்துமே நூற்றுக்கணக்கான பேருக்கான சமையலைக் கட்டுப்படுத்தும் மாஸ்டர்களை நான் சிறுவயதிலிருந்து பார்த்து வியந்திருக்கிறேன். வெளியூர்ப் பயணி இவற்றில் எதையும் காண்பதில்லை. அவருக்குத் தெரிவதெல்லாம் சுவருக்குப் பின்னாலிருந்து வந்து சேரும் வாளியும் கரண்டியும்தான்.

பீட்சா வெளிநாட்டுப் பண்டம், அதை நாம் ஏன் பார்க்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். பர்மாத் தேக்கையும் இத்தாலியப் பளிங்கையும் கொண்டுவந்து வீடு கட்டிய ஊரில் இருந்துகொண்டு அப்படிக் கேட்பது பொருத்தமாக இல்லை. நாளை காரைக்குடியிலேயே ஒருவர் பீட்சா அடுப்பு கட்டினால் நான் மகிழ்ச்சியோடு போய் உண்பேன்.

புகையைப் பற்றிய கவலையை அவ்வாறு ஒதுக்கிவிட முடியாது. விறகடுப்பை விட்டு எரிவாயுவுக்கு மாறிய சமையல்காரர்கள் தம் கண்ணையும் நுரையீரலையும் காப்பாற்றிக்கொள்ளவே மாறினார்கள். அவர்களை மீண்டும் புகைக்குள் தள்ளுவது என் நோக்கமன்று. பீட்சா அடுப்பின் அமைப்பு இங்கேதான் நமக்குப் பயன்படும். அதன் புகைபோக்கி குவிமாடத்தின் உச்சியில் இல்லாமல் வாயிலுக்கு நேர்மேலே இருக்கிறது. ஆகையால் அனல் கூரையை ஒட்டி உருண்டு உள்ளேயே தங்க, புகை மட்டும் வாயிலுக்கு வந்து, எதிரே நிற்பவர் முகத்தில் அடிக்காமல் மேலேறிவிடுகிறது. நம் கொத்தனார்களுக்கு இப்படிப் புகைபோக்கியோடு கூடிய அடுப்பைக் கட்டுவது கடினமான வேலையே அன்று. விறகுக்கும் பஞ்சமில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அகற்றச் சொல்லி 2017-இல் உத்தரவிட்ட பிறகும் சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களின் கண்மாய்களில் சீமைக்கருவேலம் மண்டிக்கிடக்கிறது. நின்று எரியும் அந்த விறகை முறையாக வெட்டி உலர்த்தி உணவகங்களுக்குத் தரலாம். பழைய வீடுகளில் அடுப்பு அமைப்போர் தேக்குக் கூரையிலிருந்து விலகித் திறந்த முற்றத்திலோ பின்புறத் தோட்டத்திலோ தனிக் கொட்டகை போட்டு அமைக்க வேண்டும் என்பதையும் வற்புறுத்திச் சொல்கிறேன். ஒரு தீப்பொறியால் நூறாண்டு வீடு ஒன்று போய்விடக் கூடாது.

செட்டிநாட்டு ஊர்களின் தொகுதி 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கிறது. அது தெருவும் வீடும் பற்றிய பட்டியல். நம் முன்னோர் வணிகம் செய்த சிங்கப்பூரோ தன் உணவங்காடிக் கலாசாரத்தையே 2020-இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெறச் செய்துவிட்டது. நாம் அடுப்படியின் பக்கம் இன்னும் திரும்பவே இல்லை.

சுற்றுலாத் துறை உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை ஆகிய ஊர்களில் திறந்த அடுப்படி அமைக்க முன்வரும் சிறிய மெஸ்களுக்குப் புகைபோக்கி கட்டும் செலவில் ஒரு பகுதியை மானியமாக வழங்க வேண்டும். அழகப்பா பல்கலைக்கழகமும் திருச்சி துவாக்குடியிலுள்ள மாநில உணவக மேலாண்மை நிறுவனமும் இப்பகுதியின் மூத்த சமையல் மாஸ்டர்களையும் பலகாரம் சுடும் பெண்களையும் ஆசிரியர்களாக அமர்த்தி, தகுந்த ஊதியம் கொடுத்து, தீயை ஆளும் முறையை இளைஞர்களுக்குக் கற்பிக்க வேண்டும். அவர்களுள் பலர் முதுமையில் இருப்பதால் இதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போட முடியாது. 2024-இல் மாநகராட்சியாக உயர்ந்த காரைக்குடி, பேருந்து நிலையத்துக்கு அருகே பொது இடம் ஒன்றை ஒதுக்கி, வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் பயணிகளின் கண்ணெதிரே சுட்டுத்தரும் மாலை நேர அடுப்பு ஒன்றை முதற்கட்டமாகத் தொடங்குமாறு தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.