சேந்த் எமிலியோனில் உதவிய அந்த அம்மாவுக்கு

பெந்தெகொஸ்தே திங்கள் விடுமுறையையும் சேர்த்துத் தோழியும் நானும் பிரான்சின் போர்தோ நகரத்துக்குப் போயிருந்தோம். ஞாயிறன்று ரயிலேறி சேந்த் எமிலியோன். சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள்; 1999இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற ஊர். மணிக்கோபுரத்தைப் பார்த்துவிட்டு, அதன் அடியில் பாறையைக் குடைந்து செய்த தேவாலயத்துக்குச் செங்குத்தான கல் சந்தில் இறங்கும்போது தோழியின் கணுக்கால் பிசகிவிட்டது. நிற்கவே முடியவில்லை.

ஒயின் கடை வாசலில் நின்றிருந்த நீங்கள், நாங்கள் கூப்பிடும் முன்பே நாற்காலியோடு வந்தீர்கள். பாட்டில் குளிரவைக்கும் வாளியிலிருந்த பனிக்கட்டியைத் துண்டில் கொட்டிக் காலில் வைத்துக் கட்டினீர்கள். அவள் அழ, தலையைத் தடவிக்கொடுத்தீர்கள். அப்புறம் கடையைப் பூட்டிவிட்டு (தெரு நிறையக் கூட்டம், நல்ல வியாபார நேரம்!) உங்கள் காரிலேயே எங்களை ரயில் நிலையத்துக்குக் கூட்டிப்போனீர்கள். ஊரிலிருந்து அது ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல். அவளால் நடந்திருக்கவே முடியாது. ரயில் வரும்வரை கூடவே நின்று, கைத்தாங்கலாக ஏற்றிவிட்ட பிறகுதான் போனீர்கள். பெயர்கூடச் சொல்லவில்லை.

அவள் இப்போது நன்றாக நடக்கிறாள். பிரான்சில் இருக்கும் தமிழர்கள் யாராவது அந்தச் சந்துப் பக்கம் போனால், நரைத்த தலையோடு அந்தக் கடையில் இருக்கும் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். மிக்க நன்றி, அம்மா.